இடது பக்கத்தில் இருந்த உன் குரல்

முகாம்: கோயம்புத்தூர்
தாது வருடம், ஆடி மாதம் 7ஆம் நாள், திங்கட்கிழமை (22-7-1996)

1. உடுமலைப்பேட்டை தளி சாலையில் குடியிருப்பவரும், காலஞ்சென்ற ராமசாமிக் கவுண்டர் அவர்களின் குமாரரும், அறுபத்தாறு வயதுள்ளவரும், முப்பத்தைந்து ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்து ஓய்ந்தவரும், கனடா தேசம் வின்னிபெக் நகரில் வாழும் லோகப்பிரியாவின் தகப்பனாருமாகிய திருமூர்த்தி என்னும் நான், எவருடைய தூண்டுதலுமின்றித் தெளிந்த மனத்துடன் எழுதிக்கொள்வது.

2. மேற்படி லோகப்பிரியா கேசட்டில் பேசி அனுப்பியிருந்த கேள்விக்கு நான் ஜூன் முப்பதாம் தேதிக்குள் பதில் தந்திருக்க வேண்டும். தரவில்லை. இன்றோடு இருபத்திரண்டு நாள் தாமதம். அதை மன்னிக்கும்படி கேட்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

அன்புள்ள மகளுக்கு, எண்கள் இத்துடன் போதும். நீயும் குழந்தை அக்ஷயாவும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் நினைவு. நான் இங்கே சுகம், ஒரு குறை நீங்கலாக, அதைக் கீழே சொல்கிறேன். மாப்பிள்ளை என்ற வார்த்தையை உன் திருமணம் நடந்த இந்த ஐந்து ஆண்டுகளில் இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன், நீ கவனித்திருப்பாய். ஊரில் ஆடிக்காற்று பலமாக வீசுகிறது, இரண்டு நாளாக மாடி ஜன்னல் கதவை மூட முடியவில்லை. திருமூர்த்தி மலைப் பக்கம் நல்ல சாரல் என்கிறார்கள். உன் அம்மா ராமாமணியின் இரண்டாம் வருடத் திதியை வைகாசியில் சிறிய அளவில் முடித்தேன், ஐயரும் நானும் பழைய குமாஸ்தா பொங்கியண்ணனும் மட்டும். இதையெல்லாம் முன்பே எழுதியிருக்க வேண்டும். நீ கடிதம் நிறுத்தியதும் நானும் நிறுத்திவிட்டேன். நீ ஏன் நிறுத்தினாய் என்று எனக்கு விளங்கவில்லை. இன்று பகல் பன்னிரண்டரை மணிக்குத்தான் விளங்கியது. டவுன்ஹால் அருகே ஒரு சந்தில் சசிதர் என்பவர் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் எழுதினால் நான்கு தடவை திருத்துவேன், திருத்தத் திருத்த அதில் ஒன்றுமே மிஞ்சாது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் இடது காது கேட்பதில்லை. அம்மா இருந்த கடைசி வருடத்திலேயே ஆரம்பித்தது. நரம்புத் தளர்ச்சி, மெஷின் வைத்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது காதும் முன்போல் இல்லை, ஆனால் சமாளிக்கிறேன். வயதாகிவிட்டது, அதனால் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. ஒரு நாள் முன்சீப் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார், நான் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தேன், எதிர்த்தரப்பு வக்கீல்கள் சிரித்தார்கள். அவர்கள் வாய் திறந்திருந்ததைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் கோட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீ கவலைப்படுவாய் என்பது ஒரு காரணம்; கவலைப்படாமல் போய்விடுவாயோ என்பதும் ஒரு காரணம்.

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி உன் சிநேகிதி மூலம் வாக்மேனும், அதற்கான சிறிய ஹெட்போனும், நீ பேசிய கேசட்டும் வந்து சேர்ந்தன. வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டர் மோட்டார் இறுகி அம்மா காலத்திலேயே நின்றுபோனது, ஆகவே வாக்மேனில்தான் கேட்டேன். ஹெட்போனில் எல் என்று எழுதியிருந்ததை இடது காதிலும் ஆர் என்று எழுதியிருந்ததை வலது காதிலும் பொருத்தினேன். எனக்குக் கேட்டது என்னவென்றால், ஏதோ ஒரு எந்திரத்தின் இரைச்சல், நடுவில் குழந்தை ஓடும் காலடி, ஒரு கதவு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் யாரோ பேசுவது, கடைசியில் மட்டும் மிகத் தெளிவாக "வாரேனுங்கப்பா" என்று ஒரே வார்த்தை. நம் ஊரில் விடைபெறுகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதானே, ஆகவே நீ பேசி முடித்து விடைபெறுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். பதிவு சரியில்லை என்று உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். ஆகவே ஏப்ரல் இரண்டாம் தேதி, "கேசட் கிடைத்தது, முழுவதும் கேட்டேன், மகிழ்ச்சி, குழந்தையின் குரல் நன்றாக இருந்தது" என்று எழுதினேன். படிக்காத பத்திரத்தில் ஒருநாளும் சாட்சிக் கையெழுத்துப் போடாதவன் நான். சொந்த மகளுக்கு அதைச் செய்தேன்.

ஆனால் கேட்காமல் வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்கு வேறு வேலை இல்லை. காப்பி குடித்துவிட்டு தினமும் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பேன். இரைச்சல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும். பதினோராம் நிமிடத்தில் ஏதோ ஒரு பாத்திரம் விழுகிறது, அக்ஷயா சிரிக்கிறாள், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. உன் வீட்டுக்கு நான் வந்ததில்லை, ஆனால் அதன் வலது பக்கம் எனக்கு மனப்பாடம். கடைசி வார்த்தைக்காக இருபத்தெட்டு நிமிடம் காத்திருப்பேன். பிறகு வாக்மேனை உறையில் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். இப்படி நான்கு மாதம்.

சிறிய ஹெட்போனால்தான் குரல் சிறிதாக இருக்கிறது என்று எண்ணி, மே மாதம் கோயம்புத்தூருக்கு வந்து இதே சசிதர் கடையில் இரண்டு காதையும் மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினேன். "எந்த செட்டுக்குங்க சார்?" என்று அவர் கேட்டார், சொந்த விஷயத்தைக் கடையில் சொல்வானேன் என்று நான் பதில் சொல்லவில்லை. கிண்ணம் பெரிதானால் சத்தமும் பெரிதாகும் என்பது என் கணக்கு. வீட்டில் மாட்டிப் பார்த்தால் அதுவரை கேட்ட இரைச்சலும் பாதியாகிவிட்டது, பாத்திரம் விழுவதுகூட எங்கோ பக்கத்துத் தெருவில் விழுவதுபோல் இருந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்று இருப்பதாகப் பத்திரிகையில் படித்து, இன்று காலை பொங்கியண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கினேன். சசிதர் வாக்மேனையும் பெரிய ஹெட்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "ஏனுங்க சார், அஞ்சு எச்.பி. மோட்டார வாங்கியாந்து ஊட்டு லைன்ல சொருகினாப்பல பண்ணிப்போட்டீங்களே. இது ஸ்டூடியோக்காரங்க வச்சுக்கறதுங்க. ரெண்டு பேட்டரி வாக்மேன் இத எப்படிங்க தள்ளும்?" என்றார். பொங்கியண்ணன் விடுவாரா, "ஐயா எப்பவுமே பெரிய பெஞ்சுல வாதாடித்தானுங்க பழக்கம்" என்று சேர்த்துக்கொண்டார். பிளேயருக்கு ஏற்ற ஹெட்போன், ஹெட்போனுக்கு ஏற்ற சக்தி, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று சசிதர் பொறுமையாக விளக்கிவிட்டு, தன் கையால் செய்த தீப்பெட்டிக் கட்டு அளவுள்ள ஒரு ஆம்ப்ளிஃபயரை நடுவில் இணைத்தார். இரைச்சல் மில் ஓடுவதுபோல் எழும்பியது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளேயே இருந்தது. இன்னும் கூட்டுங்கள் என்றேன். அவர் கூட்டவில்லை. "கொஞ்சம் எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கித் தன் தலையில் மாட்டினார்.

மாட்டிய அடுத்த நொடியே சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார், அதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டார், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கழற்றி மேசையில் வைத்தார். "சார், இந்த அம்மணி நல்லா சத்தமாத்தானுங்க பேசறாங்க. உங்கள ஒண்ணு கேக்கறாங்க. நான் மேல கேக்கலைங்க, நிறுத்திப்போட்டேன். உங்களுக்கு எந்தப் பக்கங்க கேக்காது?" என்றார். பொங்கியண்ணன்தான், "எடது பக்கமுங்க. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. நான் எப்பவும் ஐயாவுக்கு வலது பக்கமாத்தானுங்க நடக்கறது" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, மகளே, கோர்ட் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. சசிதர் ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கி எடுத்தார், பெரிய ஹெட்போனையும் ஒதுக்கி வைத்தார், நீ அனுப்பிய சிறிய ஹெட்போனையே வாக்மேனில் சொருகித் திருப்பி மாட்டினார், எல் என்றிருப்பது என் வலது காதில் வரும்படி. ரெக்கார்டரின் இரண்டு மைக்கில் இடது மைக்குக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்து பேசியிருக்கிறாய், வலது மைக் குளிருக்குப் போடும் ஹீட்டர் போன்ற ஏதோ எந்திரத்தைப் பார்த்து இருந்திருக்கிறது என்றார். கடைசி வார்த்தை மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டதைச் சொன்னேன், பேசி முடித்து நிறுத்துகிற பொத்தானை அமுக்கக் குனிந்தபோது மட்டும் வலது பக்கம் வந்திருக்கிறாய் என்றார். "எல் என்று எழுதியிருக்கிறதே" என்றேன். "அது அத செஞ்சவன் எழுதினதுங்க சார். உங்க காதப் பத்தி அவனுக்கென்னுங்க தெரியும்?" என்றார். மார்ச் ஒன்பதாம் தேதி நான் அதை மாற்றி மாட்டியிருந்தால் போதும். எழுதியிருப்பதற்கு மாறாக ஒன்றைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நின்றபடியே இருபத்தெட்டு நிமிடமும் கேட்டேன். "ஆவணியில பாப்பாவக் கூட்டிட்டு ஊட்டுக்கு வரலாம்னு இருக்கறேனுங்கப்பா, வரட்டுங்களா?" என்று நீ கேட்டிருக்கிறாய். "ஜூன் முடியறதுக்குள்ள எழுதிப்போடுங்க. பதில் இல்லைன்னா வேண்டாம்னு எடுத்துக்கறேன், நீங்க அனுப்பற நோட்டீஸ் மாதிரியேதான் நானும் சொல்றேன்" என்று சிரிக்கிறாய், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. "ஊட்ல தங்கறது சங்கடம்னா போன தடவ மாதிரி லாட்ஜுல தங்கிக்கறமுங்க, நீங்க சரின்னா மட்டும் வாரேனுங்கப்பா." விடைபெறும் வார்த்தை என்று நான் நான்கு மாதம் கேட்டுக்கொண்டிருந்தது இதன் வால். முழுவதும் கேட்டேன் என்று எழுதிவிட்டு, கேட்டதற்குப் பதில் எழுதாத என் கடிதத்தை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுதான் நீ எழுதுவதை நிறுத்தியிருக்கிறாய். அம்மா இறந்தபோது வந்து மூன்று நாள் நீ லாட்ஜில் தங்கினாய். லாட்ஜில் தங்கு என்று நான் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வா என்றும் நான் சொல்லவில்லை. அந்த வழக்கில் எனக்கு எதிர்வாதம் கிடையாது.

தாமத மன்னிப்பு மனுவில் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்ட வேண்டும் என்பது வழக்கம். கட்சிக்காரர்களுக்காக அப்படி நூறு மனு எழுதியிருப்பேன். காய்ச்சல், வண்டி கவிழ்ந்தது, தோட்டத்தில் தேங்காய் வெட்டு. அவற்றில் எது மெய் என்று நான் துருவிக் கேட்டதில்லை. இதில் எழுதியிருப்பது முழுவதும் மெய். இருபத்திரண்டு நாளுக்கும் ஒரே காரணம்தான், கேட்காததைக் கேட்டேன் என்று எழுதினேன். நான் வேண்டுவது இதுதான். நீயும் அக்ஷயாவும் மாப்பிள்ளையும் வரவேண்டும். ஆவணிக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் மார்கழி, இல்லையேல் சித்திரை, உங்களுக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது. தங்குவது வீட்டில். மாடி அறையில் என் சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன, இந்த வாரமே அவற்றைக் கீழே இறக்கிவிடுகிறேன். இதற்குப் பதில் எழுத நான் காலக்கெடு எதுவும் வைக்கவில்லை.

எதிரே ஐ.எஸ்.டி. பூத் இருக்கிறது, பேசிவிடுங்கள் என்று பொங்கியண்ணன் மூன்று முறை சொல்லிவிட்டார். போனில் நான் "சரி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று சொல்லி வைத்துவிடுவேன், உனக்கே தெரியும். அப்பா மகளுக்கு எழுதுகிற கடுதாசிக்குச் சாட்சி எதற்கு என்றும் கேட்கிறார். "ஐயா பேச்சு மேல ஐயாவுக்கே நம்பிக்கை இல்லீங்களா?" என்கிறார். இல்லை. ஒரு முறை பொய்யாக எழுதிவிட்டேன், ஆகவே இம்முறை அந்தக் கேசட்டை நான் முழுவதும் கேட்டேன் என்பதற்குப் பார்த்தவர்கள் இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

குழந்தைக்கு வெறும் வயிற்றில் குளிர்ந்த பாலைக் கொடுக்காதே. மாப்பிள்ளை பனியில் கார் ஓட்டுவதாக நீ சொல்லியிருந்தாய், நிதானமாக ஓட்டச் சொல். மூவரும் நோய் நொடியின்றி நிறைந்த ஆயுளுடன் இருக்க உன் அம்மா கும்பிட்ட தெய்வங்கள் துணை நிற்கட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை: மறுபடி கேசட்டில் பேசினால், என் காதை நினைத்து நீ இடம் மாறி உட்கார வேண்டாம். உனக்கு எங்கே வசதியோ அங்கேயே உட்கார்ந்து பேசு. நான் மாற்றி மாட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
(ஒப்பம்) ரா. திருமூர்த்தி

சாட்சிகள்:
1. (ஒப்பம்) க. பொங்கியண்ணன், ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, உடுமலைப்பேட்டை
2. (ஒப்பம்) கோ. சசிதர், ரேடியோ மெக்கானிக், கோயம்புத்தூர்