உப்பு அம்பாரத்துக்கு ஜன்னல்

அக்டோபர் 12, ஞாயிறு.

என் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றிவிடலாம் என்று இன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரும் கொழுந்தன் செல்வமும் முடிவு செய்துவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் விமானம் ஓட்டுகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாற்றினால் நான் விமானம் ஓட்டும் பழைய சிமுலேட்டர் திறக்காது. எங்கள் உப்பளத்தைப் பாத்தி பாத்தியாக நானே அதில் வரைந்து வைத்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"அது எதுக்கு மதினி? புதுசுல தூத்துக்குடியே அப்படியே இருக்கு" என்று செல்வம் தன் லேப்டாப்பைத் திறந்து நீட்டினான். வாகைக்குளம் ஏர்போர்ட்டில் கிளம்பிக் கடல் பக்கம் திருப்பினேன். மழைக்கு ஓலை போட்டு மூடியிருக்கும் எங்கள் உப்பு அம்பாரமெல்லாம் அதில் வரிசையாக ஓட்டு வீடுகளாக நிற்கின்றன! சாட்டிலைட் படத்தில் ஓலையைப் பார்த்துக் கூரை என்று நினைத்துவிட்டது போல. ஜன்னல் வேறு.

"மேல இருந்து எவன் மதினி உப்பைப் பாக்கான்?" என்றான். மேலே இருந்து பார்க்கத்தானே விமானமே ஓட்டுகிறேன், அறிவுகெட்டவனே!

இவர் சிரித்தார். "ஏளா, நல்லதாப் போச்சு. வாடகைக்கு விட்டுருவோம்."

பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடேயே திரும்பி வந்து இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. பழையதில் ஒரு நாளும் அப்படி இறக்கியதில்லை.

செல்வம் கிளம்பும்போது, "லேப்டாப் ரெண்டு நாள் இங்கனயே கிடக்கட்டும்" என்று சொல்லித் தொலைத்தேன். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.