தட்டிப் பார்க்காத படகு

காய்கறி வாங்க பசாருக்குப் போன மனைவி கலாதேவி திரும்புவதற்குள் கிளம்பிவிட வேண்டும். நேரில் சொல்லச் சுகுமாரனுக்கு முகமில்லை. கரண்டு பில்லின் பின்பக்கம் எழுதினான்.

"கலா, சோறு ஆக்கிட்டேன். சாவி செருப்பு அலமாரியில இருக்கு. லூமுட்ல படகு வித்தவனைப் பார்க்கப் போறேன். புதுசா வாங்குன அந்தப் பழைய உல்லாசப் படகைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லணும். சுங்கை சிப்புட்லேர்ந்து உன் அண்ணன் தூண்டிலோட வந்தா, இந்த வாரம் மீன் பிடிக்கப் போகலன்னு சொல்லிடு."

காரணத்தை எழுதாமல் பேனாவை மூடினான். மனசு கேட்கவில்லை. மறுபடி திறந்து, அடியில் நுணுக்கி எழுதினான்.

"படகு பார்க்கப் போனப்ப, 'எல்லா இடத்துலயும் தட்டிப் பார்த்து வாங்குங்க'ன்னு நீ சொன்னே. 'இது என்ன தேங்காயா, தட்டிப் பார்க்க?'ன்னு விக்கிறவன் முன்னாடியே உன்னைக் கேவலப்படுத்திட்டேன். அவனும் சிரிச்சான். நேத்து உன்னைக் கூப்பிடாம நானே பூஜை போட்டு, படகு மூக்குல தேங்காய ஓங்கி அடிச்சேன். உளுத்துப்போனது தெரியாம இருக்க, பெயிண்டுக்குக் கீழ பூரா புட்டிப் பசைய அடைச்சு வச்சிருக்கான். கையளவுக்கு ஓட்டை விழுந்துடுச்சு."

ஓரத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருந்தது.

"தேங்காய்க்கு ஒண்ணும் ஆகல லா. அடுப்புப் பக்கத்துல இருக்கு, சட்னிக்கு எடுத்துக்க."