தொட்டியைக் குடித்த மருமகள்

அன்னத்தாய்க்கு,

நீ ஆற்றுக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன். பைய எழுத்துக்கூட்டி வாசி. குறுக்குத்துறை முருகன் சத்தியமாக, இதில் அத்தனையும் உண்மை.

முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் குறைவதற்கு நம் மருமகள் கோமுதான் காரணம் என்று நீ சொன்னது சரியே. அவள் ஒரு செம்பு கழுவினால் தெருவில் வண்டிமாடு நீந்துகிறது. அவள் முகம் கழுவிய அன்று பாபநாசத்தில் அருவி நூலாகிப் போனதாம். ஆகவே, "ஏட்டி, ஆறு என்ன ஒங்க அப்பன் தந்த சீதனமா?" என்று நீ கேட்டதில் தப்பே இல்லை. "நா தொடவே இல்ல அத்தே" என்று அவள் அழுததில் இன்னும் இரண்டு குடம் நஷ்டம். சோறுகூட உண்ணாமல் ஆழ்வார்குறிச்சிக்கு, அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளை அழைத்துவரப் போகிறேன். "மாமியார் ஒரு வார்த்த கூப்பிடட்டும் வே, அனுப்புதேன்" என்கிறார் அவள் அப்பா. நான் போய் என்ன சொல்ல? மகன் உன்னிடம் பேசியும் நாளாகிறது.

பழையது உறியில் இருக்கிறது. பெட்டிச் சாவி அரிசிப்பானைக்குள்.

தொட்டியைச் சுற்றிச் சாம்பல் தூவியிருக்கிறேன், மிதித்துவிடாதே. எங்கன நனைகிறதோ அங்கனதான் ஒழுக்கு. தண்ணீரை இறைத்துவிட்டு, உள்ளே அந்த இடத்தில் பூசு. சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காய்த் தண்ணீரில் அரைத்து வைத்திருக்கிறேன். மேலே ஈரச்சாக்கு போடு. கொத்தனார் வேண்டாம்.

சிவசைலம்

இடமில்லாததால் ஓரத்தில் பொடியாக எழுதுகிறேன்: கோமு போன பிறகும் தொட்டி குறைகிறது, விடியுமுன் நீ சத்தமில்லாமல் குடம் குடமாக ஊற்றி அதை நிரப்புவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.