பின்சுவரில் கட்டிய வேப்பிலை

டத்தோ கிராமாட், பினாங்கு
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் காமினிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரில் சளி இருமல் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், ஆனால் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்றால் என் குரல் உனக்குத் தெரியும், நான் ரகசியம் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். உன் சிநேகிதி ஷேரன் சனிக்கிழமை அங்கே திரும்புகிறாளாம், பொடி பார்சலோடு இதையும் கொடுத்துவிடலாம் என்று காகிதத்தை எடுத்தேன். அப்பாவுக்குப் பயப்படும்படி ஒன்றுமில்லை, கீழே விழுந்ததில் முழங்கை சிராய்த்துக்கொண்டது, அவ்வளவுதான், எப்படி விழுந்தார் என்று வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் போனைத் தூக்காமல் கடைசிவரை படி.

பின்வீட்டு ரமணியைப் பற்றி உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன், நீ கல்யாணமாகிப் போன பிறகு குடிவந்தவர்கள். அவர்கள் வாசல் அடுத்த தெருவில் இருந்தாலும் பின்பக்கம் நம் முற்றமும் அவர்கள் முற்றமும் ஒட்டிக்கொண்டு, நடுவில் அந்தக் குட்டைச் சுவர் ஒன்றுதான். ரமணி கெட்டவள் இல்லை, கெட்டவளாக இருந்திருந்தால் என் வேலை சுலபம், நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். காலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி, சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நிற்பாள். அக்கா இன்னைக்கு என்ன கறி, அந்தக் கைலிய ஏன் இன்னும் காயப்போட்டிருக்கீங்க, நேத்து ஒங்க வாசல்ல வந்து நின்ன காடி யாரோடது என்று ஒன்று விடமாட்டாள். உன் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வரும்வரை இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. வந்த பிறகு, ஆஸ்பத்திரியில் பிசியோ பார்க்கும் சல்மா, தினமும் வெளியில் நடக்கவைக்க வேண்டும், இந்த மாதங்களை விட்டுவிட்டால் இடது கால் அப்படியே இறுகிவிடும், அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். முன் வாசல் பக்கம் உன் அப்பா வரவே மாட்டேன் என்றார். காப்பிக்கடையில் அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஆட்கள் காலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், அத்தனை உயரத்துக் கிரேனில் ஏணி பிடித்து ஏறிய மனிதன் இப்படி இழுத்து இழுத்து நடப்பதை அவர்கள் பார்க்கக் கூடாதாம். சரி, பின்முற்றம் இருக்கிறதே என்று அங்கே நடக்கவைத்தேன்.

அங்கேதான் ரமணி நிற்கிறாளே. அண்ணே கால தூக்கி வைங்க, இழுக்காதீங்க, நேத்தவிட இன்னைக்கு மோசமா இருக்கே என்று மேலிருந்து கிரிக்கெட் பார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டே இருப்பாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். ஒருநாள் அவர் நடப்பதை அவள் போனில் படம் பிடித்து, நல்லமுத்து அண்ணனுக்காக எல்லாரும் வேண்டிக்குங்க என்று கோயில் குரூப்பில் போட்டுவிட்டாள். நல்ல மனதோடுதான் போட்டாள், எனக்குத் தெரியும். ஆனால் அது கை மாறிக் கை மாறி துறைமுக ஆட்கள் குரூப்புக்கும் போய், அங்கிருந்து இவர் போனுக்கே வந்து சேர்ந்தது, கீழே வரிசையாக அழுகிற முகங்கள். உன் அப்பா அதை ஒரே ஒரு தடவை பார்த்தார். மறுநாள் காலை எழுந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான், கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் போட்டேன், முற்றத்தில் கால் வைக்கவில்லை. சாப்பிட உட்காரும்போது அந்தக் கால் மடங்க மறுக்கும், நான் குனிந்து இரண்டு கையாலும் பிடித்து மடக்கிவிடுவேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த வெறியை என்ன சொல்ல, எப்படியாவது அந்தச் சுவரை மறைத்தே தீருவது என்று இறங்கினேன். தொட்டியில் மூங்கில் வாங்கி வரிசையாக வைத்தேன், அவள் இலையைக் கையால் விலக்கிவிட்டு, அக்கா இதுக்கு இந்த மண்ணு சரிப்படாதுலா என்று உரம் கொடுத்தாள். நீலக் கென்வாஸ் கட்டினேன், ஒரே மழைக்காற்றில் அவள் பக்கம் பறந்துபோய் விழுந்தது, ஈரம் துடைத்து அழகாக மடித்துத் திருப்பித் தந்தாள். சுவரை உயர்த்தலாம் என்று கட்டட வேலை பார்க்கும் முனுசாமி கொந்திரெக்டரைக் கூப்பிட்டேன், பொதுச்சுவராம், ரமணி கையெழுத்துப் போட்டால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டு என் காப்பியையும் குடித்துவிட்டுப் போனான். கடைசியாகக் கொடி கட்டி என் பட்டுப்புடவைகளை வரிசையாகத் தொங்கவிட்டேன், அவள் தலைப்பைத் தூக்கிப் பார்த்து இது எங்க எடுத்தது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதே. சாலையோரத்து மரத்தில் வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து, சுவர் நெடுகக் கொத்துக்கொத்தாகக் கட்டினேன், முன் கேட்டிலும் ஒரு கொத்து. வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லவில்லை. ரமணி வாளிமேல் ஏறினாள், பார்த்தாள், இறங்கிவிட்டாள். அம்மா வந்திருக்காளா, அண்ணனுக்கா என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தானே கேட்டாள். நான் பேசாமல் நின்றேன், அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அம்மை கண்ட வீட்டை எட்டிப் பார்ப்பாளா, அதுவும் அவள் மருமகள் நிறைமாதமாக இருக்கும்போது. அன்றிலிருந்து சுவரில் தலை இல்லை. உன் அப்பாவிடம் சொன்னேன், சாமி காரியத்துல வெளையாடாத ஜெயா என்று முதலில் முறைத்தார், பிறகு ஒரு பக்க வாயால் சிரித்தார், எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. மறுநாள் தானாகவே எழுந்து முற்றத்துக்குப் போனார், சமையலறைப் படியிலிருந்து ஜம்பு மரம்வரை, திரும்பி, மறுபடியும். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன்.

ஆனால் பொய்க்கும் விரதம் இருக்க வேண்டியிருக்கிறது பார். அம்மா இறங்கிய வீட்டில் தாளிக்கக் கூடாது, கவிச்சி ஆகாது. சம்பல் வாசனை சுவர் தாண்டினால் குட்டு உடைந்துவிடும் என்று தினமும் கஞ்சியும் துவையலும்தான், ஒருநாள் இவர் அடம் பிடித்தார் என்று பொரித்த மீன் வாங்கிவந்து, முன் அறைக் கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி சாப்பிட்டோம். இதற்கு நடுவில் ரமணி தினமும் கூழும் இளநீரும் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவர்மேல் வைத்துவிட்டுப் போவாள், அண்ணனுக்கு எப்போ தலைக்குத் தண்ணி ஊத்துறீங்க அக்கா என்று கேட்பாள். அந்தக் கூழை நான் தொடவில்லை. உன் அப்பா நன்றாகக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை நான் பசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். முதல்நாள் மழைக்குச் சிமெண்டில் பாசி பிடித்திருக்கிறது, நான்தான் தேய்த்துவிட்டிருக்க வேண்டும், வழுக்கி இடது பக்கமாக விழுந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் எங்கே இருக்கிறேன். ரமணிக்குக் கேட்டிருக்கிறது. காமினி, ரமணிக்கு என் வயதுதான், ஒன்றிரண்டு குறையும், உடம்பும் கனம், சுவரேறிக் குதித்து, வேப்பிலையெல்லாம் பிய்ந்து கிடக்க, இவரைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்து, ரத்தத்தைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்திருக்கிறாள். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லையே என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பாய். வந்தது, அதற்கும் அவளே பதில் வைத்திருந்தாள். அம்மை முத்து வெளிய வராம உள்ளேயே நிக்குது, அதுதான் மோசம், ஜாக்கிரதை அக்கா என்று, கூடையோடு ஓடிவந்த எனக்குப் புத்தி சொன்னாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன்.

அவள் தன் வீட்டுக்குள் போகவில்லை. முற்றத்துக் குழாயடியில் கட்டிய துணியோடு குளித்துவிட்டு, மகன் மோகனராஜிடம் பையை வெளியே வைக்கச் சொல்லி, அப்படியே பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டுக்கு அம்மையைக் கொண்டுபோகக் கூடாதாம், பிள்ளை பிறந்து சுத்தமாகும்வரை வரமாட்டாளாம். முதல் பேரப்பிள்ளை, அந்த மருமகளுக்கோ தாய் இல்லை, இவள்தான் தாய். மோகனராஜ் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, வலி எப்போ வேணாலும் வரும்னு சொல்லிட்டாங்க ஆன்டி, அம்மா இல்லாம இவ பயப்படுறா என்று சொன்னான். சொல்லிவிட்டு, அங்கள் எப்படி இருக்காரு என்று விசாரித்தான்.

இப்போது சுவரில் யாரும் இல்லை, நான் கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது, எனக்கோ அந்தப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ரமணி வாய்க்குப் பூட்டு ஏது, கோயில் குரூப்பிலிருந்து துறைமுக குரூப்வரை போய்விடும், நல்லமுத்து நடப்பதை மறைக்க அவர் பெண்டாட்டி வேப்பிலை கட்டினாள் என்று ஊர் சிரித்தால் இந்த மனிதர் இனி இந்த ஜென்மத்தில் நடக்கமாட்டார். சொல்லாவிட்டால் அந்தப் பெண் தனியாகப் பிள்ளை பெறுவாள். நேற்று இவரிடம் கேட்டேன், என்னங்க செய்யட்டும் என்று. விழுந்ததிலிருந்து அவர் நடக்கவே இல்லை, முன் அறையில் நாற்காலியைப் போட்டு வாசலைப் பார்த்தபடியே இருக்கிறார். எனக்குச் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம், கைவேலை எதுவும் ஓடவில்லை, அரிசியை இரண்டு தடவை கழுவியிருக்கிறேன். இரு, கேட் சத்தம் கேட்டது, பார்த்துவிட்டு வருகிறேன்.

வியாழன், சாயங்காலம்

காலையில் எழுந்துபோனவள் இப்போதுதான் உட்காருகிறேன். நாற்காலி காலியாக இருந்தது. பின்முற்றத்துக்கு ஓடினேன், இல்லை. முன் கேட் திறந்து கிடக்க, உன் அப்பா நடுத்தெருவில் நடந்துகொண்டிருந்தார், கைலியும் பனியனுமாக, சட்டைகூடப் போடாமல். ரமணி வீட்டு வாசலுக்குப் போக வேண்டுமென்றால் காப்பிக்கடையைத் தாண்டித்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும், வேறு வழி இல்லை. நான் பின்னாலேயே போனேன், பிடிக்கவும் பயம், விடவும் பயம். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஹைதர் பாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார், இவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். வேர்த்து ஊற்றுகிறது, இடது செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது, குனிந்து எடுக்க வராது, அப்படியே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனார். நான் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, மோகனராஜ் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் பதறிப்போய் வெளியே வந்தான். இவருக்கு மூச்சு வாங்கியது, பேச்சும் இன்னும் குழறத்தானே செய்கிறது, இருந்தாலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எனக்கு அம்மையெல்லாம் இல்லடா தம்பி, நான் நடக்கிறத யாரும் பாக்கக்கூடாதுன்னு ஒங்க ஆன்டி கட்டுனது, இப்போ எல்லாரும் பாத்துட்டாங்க, நீ போய் ஒங்கம்மாவ கூட்டியா என்றார்.

மோகனராஜ் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. காடியை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனான். திரும்பும்போது ஹைதர் பாயோடு நாலு பேர் கூடவே நடந்து வந்தார்கள், யாரும் கை கொடுக்கவில்லை, இவர் வேகத்துக்கே வந்தார்கள். மத்தியானம் ரமணி வந்துவிட்டாள், அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கிறது, மருமகளை அதட்டிச் சாப்பிடவைக்கிறாள். சுவர் பக்கம் வரவில்லை. வேப்பிலையையெல்லாம் அவிழ்த்துவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, ரமணி, நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அந்தப் பக்கம் குழாய் சத்தம்தான் பெரிதாயிற்று. கோபப்படட்டும், அவளுக்கு இல்லாத உரிமையா.

ஷேரனிடம் பொடி இரண்டு டப்பா கொடுக்கிறேன், பிரிட்ஜில் வை, போன தடவைபோல் பூசணம் பிடிக்க விடாதே. காலுக்கு உறை போடாமல் தரையில் நடக்காதே. அப்பாவிடம் பேசும்போது கால் எப்படி இருக்கிறது என்று நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்காதே, எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேள். பெரியவர்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உங்கள் இரண்டு பேருக்கும் எப்போதும் உண்டு, அம்மன் என் தப்பை உங்கள் கணக்கில் வைக்காமல் உங்களைக் காப்பாற்றட்டும். இதை மடிக்கப்போகும் நேரத்தில் உன் அப்பா எழுந்து பின்முற்றத்துக்குப் போயிருக்கிறார், நடக்கிற சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். சுவரோரம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் ரமணிக்குக் கேட்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
ஜெயலெட்சுமி