ஒன்றே ஒன்று எழுதச் சொன்னீர்கள்

வீட்டுக்குள் புது அச்சுத்தாளின் வாசனை அடிக்கிறது. எல்லை தாண்டப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் சொல்லி வைத்ததில், பல்கலைக்கழகக் கைநூலும் விண்ணப்பப் படிவமும் இன்று காலைதான் வந்து சேர்ந்தன. நம் சின்னவள் கலாவுக்கு. ஏ.எல். சோதனை நன்றாகச் செய்திருக்கிறாள். "அம்மா, மணந்து பாருங்கோவன்" என்று புத்தகத்தை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மணந்தேன். உடனே உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மாரி போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை. கேட்க ஆளில்லாத கோபத்தை என்ன செய்வது? அதுதான் எழுதுகிறேன்.

மூத்தவள் சாந்திக்கு இதே கைநூல் வந்த நாள் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு பிரதியைச் சாந்தி இரவல் வாங்கி, மழைக்கு ஷொப்பிங் பையில் சுற்றி, முழங்காவிலிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்தாள். ஜாம் போத்தல் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடநெறியாக எனக்கு வாசித்துக் காட்டினாள். மருத்துவம், சித்த மருத்துவம், விஞ்ஞானம், விவசாயம். விவசாயத்துக்கு வந்ததும் குரல் மாறியது. நம் மிளகாய்க் கன்றின் இலை ஏன் சுருண்டு போகிறது என்று சின்ன வகுப்பிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. "பூச்சி" என்பதற்கு மேல் நீங்களும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

நீங்கள் வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தீர்கள். "டொக்டர்னு மட்டும் எழுது" என்றீர்கள்.

"அப்பா, டொக்டருக்கு என்ரை மாக்ஸ் காணுமோ தெரியேல்லை. எனக்கு விவசாயம்தான் விருப்பம். ரெண்டையும் எழுதலாம், பிழையில்லை."

"வெவசாயம் படிக்க கேம்பஸ் எதுக்கு? நாளைக்கே மம்பட்டியத் தூக்கிக்கிட்டு எங்கூட வா, சம்பளமில்லாம சொல்லித்தாறேன்."

சொல்லிவிட்டு நீங்கள்தான் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

தாவரவியல் படிப்பித்த சேர் வீடு தேடி வந்தார். கதிரையில் உட்காராமலே பேசினார். "அண்ணை, எத்தனையும் எழுதலாம். மேல இருக்கிறது கிடைக்காட்டி அடுத்ததைப் பார்ப்பினம். ஒண்டை மட்டும் எழுதி அது தவறிச்செண்டால், பிள்ளைக்கு ஒண்டுமே இல்லை. விளங்குதோ?"

அப்போதுதான் அந்தக் கதையை எடுத்தீர்கள். தேயிலைத் தோட்டத்தில் உங்கள் அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிய கதை. "எங்கப்பாவும் இப்பிடித்தான் சார். இது இல்லாட்டி அதுன்னு, சிலோன் இந்தியா ரெண்டு நாட்டுக்கும் எழுதிப் போட்டாரு. அந்த நாட்டுக்கு எழுதினவனுக்கு இந்த நாடு எதுக்குன்னு கேட்டு இங்க வெட்டிட்டாங்க. அங்கயிருந்து பதிலே வரல. ரெண்டுமில்லாமலே செத்தாரு. கவுர்மெண்டுக்கு ஒண்ணுக்கு மேல எழுதினா, ஒனக்கு எதுவுமே வேணாம்னுதான் அர்த்தம்."

சேர் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். நாடில்லாமல் செத்த ஒருவரைக் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தினால் யார்தான் வாய் திறப்பார்கள்? அது குடியுரிமை, இது படிப்பு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான் சொன்னேன். "நீ சும்மா இரு" என்றீர்கள். முன்பள்ளியில் இருபது பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வீட்டில் நான் சும்மா இருக்க வேண்டியதாகிவிட்டது.

அத்தோடு விட்டிருந்தால்கூட ஆறியிருப்பேன். மருத்துவம் என்று அவள் எழுதி முடித்ததும், அடிமட்டத்தை எடுத்துவரச் சொன்னீர்கள். மிச்சமிருந்த வரிகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு இழுக்க வைத்தீர்கள். "யாரும் உள்ளுக்க எதையும் எழுதிரக் கூடாது பாரு" என்றீர்கள். அந்தக் கோடுகளில் ஒன்று விவசாயத்துக்கான இடம். அதைப் பிள்ளையின் கையாலேயே வெட்ட வைத்தீர்கள். அவள் அழவில்லை. அடிமட்டம் நகராமல் பிடித்துக்கொண்டு நேராகக் கோடு இழுத்தாள். அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பதில் வந்தது. மருத்துவத்துக்கு மாக்ஸ் கொஞ்சம் காணாது. அவளைவிடக் குறையப் புள்ளி எடுத்த வகுப்புப் பிள்ளைக்கு விவசாயம் கிடைத்து, அவன் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் பாஸுக்கு அலைந்துகொண்டிருந்தான். போகுமுன் நம் வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "வடிவாப் படி" என்று சொல்லி அனுப்பினாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அடுத்த தடவ எழுதட்டும்." மழை தப்பினால் அடுத்த போகம் விதைக்கலாம் என்பது மாதிரி. பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை. அன்று முழுக்க மிளகாய்க்குத் தண்ணீர் இறைத்தீர்கள், இறைத்த பாத்திக்கே திரும்பவும் இறைத்தீர்கள். உங்களுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மன்னிக்கவில்லை. உங்கள் அப்பாவைக் கேள்வி கேட்டு வெட்டினவன் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அவன் என் பிள்ளையைக் கண்டவனுமில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள்.

அடுத்த தடவை வருமுன் உங்களுக்கு மலேரியா வந்தது. குளிசை தட்டுப்பாடாக இருந்த மாதம். உழவு மெசினில் பாய் விரித்து உங்களைக் கிடத்தி முழங்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தக் குலுக்கலில் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தீர்கள். சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு அவள் புத்தகங்களைக் கட்டி முகட்டில் போட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை, பின்னேரத்தில் உங்கள் வயல். இலை இன்னும் சுருண்டுதான் போகிறது. பிழைசெய்த ஆள் சண்டைக்கு முகம் கொடுக்காமல் போய்விட்டால், மிஞ்சியிருப்பவர்கள் என்ன செய்வது சொல்லுங்கள்?

இன்று பின்னேரம் கலா படிவத்தை நிரப்ப, பக்கத்தில் உதவிக்குச் சாந்திதான் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்து கொடுக்குமுன் தங்கச்சியிடம் கேட்டாள்: "உனக்கு எது விருப்பம்?" இந்த ஒரு கேள்வியைச் சாந்தியிடம் நீங்கள் கேட்கவே இல்லை. கலா சொல்லச் சொல்ல இவள் ஒவ்வொன்றுக்கும் யோசனை சொன்னாள், இடம் கிடைக்க வேண்டிய வெட்டுப்புள்ளி சொன்னாள், எங்கே விடுதி உண்டு என்று சொன்னாள். முதலாவது எழுதினாள் கலா. இரண்டாவது எழுதினாள். மூன்று, நான்கு.

ஐந்தாவது வரிக்குப் பேனா போனபோது நான் எட்டிப் பார்த்தேன். இத்தனையா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இவளுக்கு எதுவுமே வேண்டாம் என்று வெட்டிவிட்டால்? "போதும் புள்ள" என்று என் வாயிலிருந்து வந்தேவிட்டது. உங்கள் குரல் மாதிரியே இருந்தது.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கலா பேனாவைத் தாளிலிருந்து தூக்கிவிட்டாள். சாந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை, மேசையில் கிடந்த அடிமட்டத்தைத் தன் பக்கமாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"ஒண்ணுமில்ல" என்றேன். "எழுது. எல்லாத்தையும் எழுது. ஒரு வரி மிச்சம் வைக்காத."

குசினிக்குள் போய் அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுதேன். என் அப்பா ஒரு நாட்டுக்குத்தான் எழுதினார், எனக்கு இந்தப் பயம் வரக் காரணமே இல்லை. இருபது வருடம் உங்களோடு ஒரே பாயில் படுத்ததில் ஒட்டிக்கொண்டது. கோபம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்கு அடியில் உங்கள் பயத்தை எனக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

சரி, இருக்கட்டும். உங்கள் அப்பா இந்தப் பயத்தை உங்களுக்குத் தந்தார், நீங்கள் எனக்குத் தந்தீர்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு நாளும் அது என்னைத் தின்னும், தின்னட்டும். பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன். என்னோடு கட்டையில் வேகட்டும்.