பக்கத்து மேசை இதயம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தபால்காரர் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் யார் தயவும் இல்லாமல் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள். ஆற்றுப் பாலம் நடுவில் உடைந்து மூன்று மாதம் பஸ் ஓடாமல் கிடந்தது, நூல் ஆலையைப் பூட்டினார்கள், உன் அக்காவுக்கு முதல் பல் விழுந்தது, எல்லாம் ஒரே வருஷம். நீ பிறக்க இன்னும் பத்து வருஷம் இருந்தது. அந்த வருஷம் நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தேன். உன் கடிதத்தைத் தபால்காரர் இரண்டு தரம் படித்துக் காட்டிய பிறகு கட்ட முடியவில்லை.

செய்முறைப் பரீட்சையில் பாஸ் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதற்கு அடுத்த வரியிலேயே, உங்கள் எட்டாம் மேசை உடம்பின் இதயத்தை அறுக்கும்போது ரத்தக்குழாய் பிய்ந்துபோனது, பரீட்சைக்கு முன்னால் ஒன்பதாம் மேசைத் தொட்டியிலிருந்து நல்ல இதயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்களுடையதை அங்கே போட்டுவிட்டோம், மூன்று நிமிஷ வேலை, வாத்தியார் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் மேசைப் பிள்ளைகளுக்கு அதற்குக் கைமாறாக மைக்ராஸ்கோப் ஸ்லைடு படமெல்லாம் வரைந்து கொடுத்தாயாம். படித்துக் காட்டும்போது உன் அம்மா சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் டம்ளர் கை தவறிவிட்டது. "பாஸாயிட்டா இல்ல, விடுங்களேன், ஊரு உலகத்துல யாரும் செய்யாததையா செஞ்சுட்டா" என்கிறாள். முப்பத்தொரு வருஷம் பிணம் அறுத்துப் படிக்கிற டிசெக்ஷன் ஹாலில் தொட்டி கழுவினவன் வீட்டில் இருந்துகொண்டு பேசுகிற பேச்சா இது? தபால்காரர் வேறு, "கொஞ்சம் இதமாச் சொல்லுங்க, தனியா இருக்கற புள்ள" என்றார். நீங்கள் உத்தியோகத்தில் இருந்தபோது தபாலைக் கொண்டு சேர்த்தீர்களா, உள்ளே இருந்ததை மாற்றி எழுதினீர்களா என்று கேட்டேன். இப்போது நான் சொன்னபடியே எழுதுகிறார்.

போன கடிதத்தில் நீதானே எழுதினாய், கருவில் இருபத்திரண்டாம் நாள் ஒரு சின்னக் குழாயாக இருக்கும்போதே இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது அப்பா, அதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது என்று. அன்றைக்குச் சிலிர்த்த கைதானே இன்றைக்கு மீன் கடையில் மீன் மாற்றுகிற மாதிரி தொட்டி மாற்றியது? மேசைக்கு ஒரு தொட்டி எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாய்? சுரண்டின கொழுப்பானாலும், கிள்ளின நரம்பானாலும், அந்த உடம்பிலிருந்து வந்தது அந்தத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். வருஷக் கடைசியில் ஒரு ஆள் முழு ஆளாக வெளியே போக வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும். அந்த நம்பரை வைத்துத்தான் அத்தனை பேரையும் ஒழுங்காக அனுப்பி வைத்தேன், ஒருவரைத் தவிர.

அவர் வெல்டர். மூன்றாம் மேசை. அவர் ஆசைப்பட்டார் என்று அவர் பெண்சாதியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உடம்பு. முன்பு லாரி மோதி அவருடைய இடது தொடையில் கம்பித் தகடு வைத்துத் திருகியிருந்தார்கள், அதைச் சுற்றித் தசையெல்லாம் கெட்டியாக ஒட்டிப்போய்க் கத்தி இறங்கவில்லை. பரீட்சை வந்ததும் அந்த மேசைப் பிள்ளைகள் என்ன செய்தார்கள், நாலாம் மேசையிலிருந்து நல்ல காலை எடுத்துக்கொண்டு, இந்தக் காலை அங்கே வைத்து, நம்பர் தகட்டையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். உன்னைப் போலவே கெட்டிக்காரப் பிள்ளைகள். நான் அவரை மூட்டை கட்டும்போது நம்பர் தகட்டைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பை ஒரு தரம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவசரம், பார்க்கவில்லை.

மின்சார மயானத்தில் எரித்துச் சாம்பலைத் தகர டப்பாவில் கொடுத்தார்கள். வெல்டர் பெண்சாதி அங்கேயே பலகையில் கொட்டி விரலால் துழாவினாள். "அண்ணே, தொடையில இருந்த கம்பி எங்க?" என்றாள். பேராசிரியர் பக்கத்தில் நிற்கிறார், பெரிய அட்டெண்டர் நிற்கிறார். நான்தான், "உருகிப் போயிருக்கும்மா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்க வீட்டுக்காரரு இருபத்தஞ்சு வருஷம் இரும்ப உருக்கினவரு. எந்தச் சூட்டுல எது உருகும்னு எனக்கே சொல்லிக் குடுக்கறியா?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்வி காதை விட்டுப் போகவில்லை.

திரும்பி வந்து தொட்டி தொட்டியாகத் தேடி, நாலாம் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கால் அங்கே இருந்தது, கம்பியோடு. பேராசிரியரிடம் ஓடினேன். அவர் காபியைக் கீழே வைக்காமலே, "ரெண்டு பேருமே செத்தவங்கதானய்யா, யாருக்கு வலிக்கப்போகுது, போய் வேலையப் பாரு" என்றார். என்ன பேச்சு இது! அந்தப் பிள்ளைகள் வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் பாஸ். மயானத்துச் சூளைக்காரரைக் கெஞ்சி அந்தக் காலைத் தனியாக எரித்து, சாம்பலும் கம்பியும் நாலு திருகாணியும் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் திருகாணியை எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த டப்பாவுல இருக்கற இன்னொரு காலு யாருது? அவங்க வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்றாள். நாலாம் மேசை அனாதைப் பிணம், சொல்ல யாரும் இல்லை என்றேன். "அப்ப அவருக்கும் நானே சொந்தம்னு வச்சுக்க" என்று சொல்லி அந்த டப்பாவிலேயே இதையும் கொட்டி மூடிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அந்தத் தெருவிலிருந்து பிறகு ஒருவரும் உடம்பு எழுதிக் கொடுக்கவில்லை, அதையும் கேட்டுக்கொள்.

ஆகையால் சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் உடம்புகளை வீட்டாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் வந்த அன்றே முதலில் உங்கள் ஹால் அட்டெண்டரிடம் போ, வாத்தியாரிடம் அப்புறம் போகலாம். அந்த மனுஷனிடம் உண்மையைச் சொன்னால் அவர் இரண்டு இதயத்தையும் எடுத்து, வெட்டுப்பட்ட பெரிய குழாயின் வாயை அந்தந்த நெஞ்சில் இருக்கிற வாயோடு வைத்துப் பார்ப்பார். சேர வேண்டியது சேரும். பிய்ந்ததும் பிய்ந்தபடியே அதற்குரியவரோடு போகட்டும், அதில் அவமானம் இல்லை. பிறகு வாத்தியாரிடம் உன் வாயால் சொல். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்க வேண்டாம், நான் எடுத்தேன் என்று மட்டும் சொல். மார்க்கைக் கழிப்பார்கள், ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள். போகட்டும். உன் அம்மா அழுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பொறுப்பில்லாத டாக்டர் ஒருத்தி ஆறு மாதம் முன்னால் வருவதால் யாருக்கு என்ன லாபம்?

அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள், கை நீளம் எவ்வளவு என்று கேட்கிறாள். ராத்திரி எல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கெடுத்துக்கொள்ளாதே. கோபத்தில் சொன்னதென்று ஒதுக்கிவிடாதே, கோபம் இருக்கிறவரை நீ என் பிள்ளை. நீ நீண்ட காலம் நல்ல பெயரோடு இருக்க வேண்டும்.

மறந்துவிடாமல் பதில் போடு, காரணம் இருக்கிறது. அன்றைக்கு மயானத்தில் நின்றவர்களில் பேராசிரியர் போய்விட்டார், பெரிய அட்டெண்டர் போய்விட்டார், சூளைக்காரர் போன மழையில் போனார். என்னை விட்டால் உயிரோடு இருப்பது அந்த வெல்டர் பெண்சாதி ஒருத்திதான். போன வாரம் கோலை ஊன்றிக்கொண்டு இங்கே வந்தாள். தன் உடம்பையும் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாளாம், சாட்சிக்கு என் கைநாட்டு வேண்டுமாம். பயமில்லையா என்று கேட்டேன். "இப்ப உன் பொண்ணு மாதிரி புள்ளைங்கதானே அங்கெல்லாம் படிக்குது, என்ன பயம்" என்றாள். அவள் கொடுத்த ஃபாரம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் இன்னும் கைநாட்டு வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா