கூடுதலாகப் பதினொரு நிமிடம்

பாப்பா அம்மாவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுன் மைதானத்தில் நான்தான் ரெஃப்ரி. நேரம் முடிந்தும் கடைசி விசிலை ஊதவில்லை. பதினொரு நிமிடம் கூடுதலாக ஓடவிட்டேன். அதில் விவேக் நகர் அணி ஒரு கோல் வாங்கித் தோற்றுவிட்டது. அவர்களுடைய கேப்டன் உத்தமன் சண்டைக்குத்தான் வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிவிட்டான்.

"டைம் ஆயிடுச்சு சார். ஊதுங்க. வீட்டுக்குப் போலாம்."

ஊதினேன்.

வாட்ச் நின்றுவிட்டது என்று சங்கத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி, அடுத்த ஆட்டமும் கொடுத்திருக்கிறார்கள். வாட்ச் சரியாகத்தான் ஓடியது. நானும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஊதிவிட்டால் இருபத்திரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் வந்து நம் வீட்டுப் பூட்டைத் திறக்க வேண்டும்.

பீன்யா ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகாமல் எட்டு நாளாகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன் என்று சொன்னேனே, அந்தச் சீட்டு இன்னும் மஞ்சள் அட்டையோடு சட்டைப் பையில்தான் இருக்கிறது.

உன் அம்மாவுக்குக் கால் கட்டுப் பிரித்ததும் வருகிறேன் என்றாய். அவசரமில்லை என்றேன். அதுவும் பொய்.

வரும் ஞாயிறு நாலு மணிக்கு ஆட்டம். தங்கவயலிலிருந்து ரயிலைப் பிடித்து, பாப்பாவோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடு. நேரத்துக்கு ஊதிவிடுவேன்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா